மாடிஃபை செய்த ஜப்பான் காரை விற்கிறீர்களா? பரணில் கிடக்கும் பெட்டியை முதலில் இறக்குங்கள்

"ஃபுல் மாடிஃபைடு, எந்த வேலையும் இல்லை, எடுத்து ஓட்ட வேண்டியதுதான்." விளம்பரத்தில் இந்த வரியைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியில் அவர் தேய்மானத்தை மட்டும் பார்த்தால் போதும். மாற்றியமைத்த வண்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: யார் கை வைத்தார்கள், எப்படி வைத்தார்கள். ஸ்கைலைன் ஜிடி-ஆர், சுப்ரா, ஆர்எக்ஸ்-7, சில்வியா, எஸ்2000, இம்ப்ரெஸா எஸ்டிஐ, லேன்சர் எவல்யூஷன் என்று எதை எடுத்தாலும் இதே நிலைதான். எத்தனை குதிரைத்திறன் என்பதை அவர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் கேட்பார். ஆகவே விற்பவருக்கு முக்கியமான வேலை வண்டியைப் பளபளப்பாக்குவது இல்லை. பில்லையும் அளவையும் சேர்த்து வைப்பதுதான்.

பெட்டியில் இருப்பவை

கழற்றிப் போட்ட கம்பெனி பாகங்களைத் தேடி எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, பழைய இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு கூடிய எக்ஸாஸ்ட், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், சீட், ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங், நான்கு வீல். 1990-களின் வண்டிகளுக்கு இவற்றில் பல இன்று புதிதாகக் கிடைப்பதே இல்லை. புகை, சத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியவருக்கும், வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்ப நினைப்பவருக்கும், சேர்த்து வைக்க வாங்குபவருக்கும் அந்தப் பெட்டி தேவை. எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரே படமாக எடுங்கள். உடைந்த கிளிப், தொலைந்த போல்ட் இருந்தால் குறித்து வையுங்கள்.

அடுத்து, வண்டியை ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கு, திருப்பி விற்பதா, இருக்கிறபடியே விற்பதா என்ற கேள்வி வரும். போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும் சாமான்களை (வீல், காயிலோவர் எனும் உயரம் மாற்றக்கூடிய ஷாக்-ஸ்பிரிங் செட், பக்கெட் சீட், ஸ்டீயரிங், ஸ்ட்ரட் பார்) தனியே விற்றால் பெரும்பாலும் கூடுதலாகவே கிடைக்கும். ரேஸ் டிஇ37, பிபிஎஸ் வீல்களுக்கும் ரெக்காரோ, பிரைட் சீட்களுக்கும் முகென், நிஸ்மோ, ஸ்பூன் பாகங்களுக்கும் தனிச் சந்தையே இருக்கிறது. அங்கே போலியும் மலிவாகப் புழங்குகிறது. அதனால் வீலின் பின்பக்கம் பொறித்திருக்கும் அளவு, ஆஃப்செட், ஜேடபிள்யூஎல் எனும் ஜப்பான் வீல் தர முத்திரை, வாங்கிய பில் ஆகியவற்றைப் படமாகக் காட்டாமல் "ஒரிஜினல்" என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆனால் பிரிக்கவே கூடாத கூட்டம் ஒன்று உண்டு. டர்போ, இன்ஜெக்டர், ஃபியூயல் பம்ப், ஏர்ஃப்ளோ மீட்டர், இசியூ எல்லாம் ஒன்றையொன்று நம்பி ஓடுபவை. ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினில் கம்பெனி இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் முனை) நிமிடத்துக்கு ஏறக்குறைய 440 சிசி. அதில் 1000 சிசி இன்ஜெக்டர் போட்டு, அதற்கேற்ப இசியூவை டியூன் செய்திருக்கிறது என்று வையுங்கள். இசியூவுக்கு நல்ல விலை வருகிறதே என்று அதை மட்டும் விற்றுவிட்டுப் பழைய இசியூவை மாட்டினால், அது 440 சிசி என்று நினைத்துக்கொண்டே இன்ஜெக்டரைத் திறக்கும். இரண்டு மடங்குக்கு மேல் பெட்ரோல் கொட்டும். பிளக் நனையும், கறுப்புப் புகை வரும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலம் கழுவிப் போகும், மிச்சப் பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம். பெரிய இன்ஜெக்டருக்கு எழுதிய டியூனை வைத்துக்கொண்டு சின்ன இன்ஜெக்டரை மாட்டினால் கலவை வறண்டு, நாக்கிங் (நேரம் தவறி வெடிக்கும் எரிப்பு) வந்து, பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) ஏறும்போது பிஸ்டன் உடையும். இந்தக் கூட்டத்தை மொத்தமாக எடுத்து ஸ்டாக் நிலையில் மறுபடி சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமாக வண்டியோடு விட்டுவிட வேண்டும். பாதி வழியில் நிற்கும் வண்டியைத்தான் வாங்குபவர் மிகக் குறைத்துக் கேட்பார்.

வெட்டியதை ஒட்ட முடியாது. இன்டர்கூலர் குழாய்க்காகத் துளைத்த தகடு, மடக்கிய ஃபெண்டர் ஓரம், வெல்டிங் வைத்த ரோல் கேஜ், மீட்டருக்காக ஓட்டை போட்ட டேஷ்போர்டு எல்லாவற்றையும் நேராகப் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். வெட்டிய வயரிங்கும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு வேலை செய்யலாம். டேப் சுற்றி முறுக்கிய இணைப்புகளைப் பிரித்து ஒழுங்காகக் கிரிம்ப் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட அரை நாள் ஆகும். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்க்கும் ஆள் அந்த அரை நாளுக்கு மதிப்புக் கொடுப்பார்.

ஸ்டீயரிங் மாற்றி, ஏர்பேக் விளக்கை அணைக்க ரெசிஸ்டர் வைத்திருந்தால் அதை எழுத்தில் சொல்லுங்கள். கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்த்தபடி வைக்க வேண்டும். அது அபாயகரமான சரக்கு வகையில் வருவதால் சாதாரண பார்சலில் அனுப்ப முடியாது.

காகிதம்

ஒரு ஃபைலை எடுத்துத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டர் இருக்க வேண்டும். இல்லாத பில்லில் நீங்களாக இப்போது எழுதிச் சேர்க்காதீர்கள். மை நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அதோடு மற்ற பில்களும் சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

கிலோமீட்டர் விஷயத்தில் ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கம்பெனி ஸ்பீடோமீட்டர் 180-ல் முடிந்துவிடும். அதனால் 320 வரை எண் போட்ட நிஸ்மோ மீட்டரை மாட்டுவது ஸ்கைலைன்காரர்களிடையே பரவலான பழக்கம். மாட்டிய அன்று ஓடோமீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பத்து வருடம் கழித்து அதில் 38,000 காட்டினால் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. பழைய மீட்டரைப் பத்திரமாக வைத்திருந்து, மாற்றிய தேதியையும் அப்போதைய எண்ணையும் காட்டி, இரண்டையும் கூட்டிச் சொல்லுங்கள். பழைய மீட்டர் இல்லையென்றால் "உண்மையான ஓட்டம் உறுதி இல்லை" என்றே எழுதுங்கள். அதனால் விலை குறையும். மறைத்துப் பிடிபட்டால் விற்பனையே முறிந்துபோகும்.

ஜப்பான் ஏலத்திலிருந்து இறக்குமதியான வண்டி என்றால் ஏலத் தாளைத் தேடுங்கள். அதில் மேலே தரம் இருக்கும்: 4.5, 4, 3.5 என்று இறங்கும். ஆர், ஆர்ஏ என்றிருந்தால் சட்டத்தில் விபத்துப் பழுது பார்த்தது. கீழே வண்டியின் வரைபடத்தில் குறிகள்: ஏ என்றால் கீறல், யு பள்ளம், டபிள்யூ பழுது பார்த்த அலை, எஸ் துரு, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பேனல். பக்கத்தில் வரும் 1, 2, 3 அதன் அளவைச் சொல்லும். அந்தத் தாள் ஏல நாளின் நிலையை மட்டும்தான் சொல்கிறது என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

நிறக் குறியீட்டையும் மறக்காதீர்கள். நிசானில் இன்ஜின் பகுதிக்குள் இருக்கும் மாடல் பிளேட்டில் அது பொறித்திருக்கும். ஸ்கைலைன் தலைமுறைகளில் ஆர்34-ன் புகழ்பெற்ற பேசைடு புளூ டிவி2, ஆர்33-ன் மிட்நைட் பர்ப்பிள் எல்பி2, ஆர்32-ன் கன் கிரே கேஎச்2. வண்டி நீலமாக இருந்து பிளேட்டில் வேறு குறியீடு இருந்தால் நிறம் மாற்றியது என்று முன்கூட்டியே எழுதுங்கள். பிளேட்டின் படத்தை வாங்குபவர் எப்படியும் கேட்பார்.

இன்ஜினின் நிலையை எண்ணில் காட்டுவது

விற்பனைக்கு முன் செய்யும் எந்தச் செலவையும்விட கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கு (சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்ற சோதனை) கொடுக்கும் பணம் நன்றாகத் திரும்பி வரும். ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். இன்ஜின் ஓட்டச் சூட்டில் இருக்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்ற வேண்டும், ஒன்று ஒன்றாக இல்லை. ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் இணைப்பைப் பிடுங்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்த நிலையில், சார்ஜ் ஏறிய பேட்டரியில் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். கேஜ் முள் ஐந்தாறு துடிப்புக்குள் ஏறி நின்றுவிடும். த்ராட்டில் மூடியிருந்தாலோ பேட்டரி தளர்ந்திருந்தாலோ நல்ல இன்ஜினும் நோயாளி மாதிரி எண் காட்டும்.

ஆறு சிலிண்டரில் 160, 158, 162, 157, 161, 138 என்று பிஎஸ்ஐ வருகிறது என்று வையுங்கள். மொத்த அளவு பயப்படும்படி இல்லை. ஆனால் ஆறாவது சிலிண்டர் மற்றவற்றைவிடப் பதினான்கு சதவீதம் போலக் கீழே. பத்து சதவீதத்துக்குள் எல்லாம் சேர்ந்து நின்றால் நிம்மதி. அந்த ஆறாவதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயிலை பிளக் ஓட்டை வழியாக விட்டு மறுபடி சுழற்றுங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட். சுபாருவின் படுத்த பாக்ஸர் இன்ஜினில் ஆயில் சுற்றிலும் பரவாமல் ஒரு பக்கமாகத் தேங்கும், அதனால் அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

அதற்கு லீக்-டவுன் டெஸ்ட் இருக்கிறது. பிஸ்டனை மேல் உச்சத்தில் நிறுத்தி 100 பிஎஸ்ஐ காற்றை உள்ளே விட்டு, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. பத்து சதவீதத்துக்குள் கசிந்தால் நல்லது, இருபதைத் தாண்டினால் கேள்வி. எங்கே "உஸ்" சத்தம் வருகிறது என்று காது கொடுத்தால் வியாதி எதுவென்று அதுவே சொல்லும்: த்ராட்டில் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட்.

பெரிய கேம் ஷாஃப்ட் போட்ட இன்ஜினில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். அதனால் ஸ்டார்ட்டர் வேகத்தில் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். தடித்த ஹெட் காஸ்கெட் போட்டிருந்தாலும் அப்படியே. வாங்குபவரின் மெக்கானிக் கம்பெனி புத்தகத்தின் எண்ணோடு ஒப்பிட்டுத் தலையாட்டுவதற்கு முன்னால், கேமின் டிகிரியையும் காஸ்கெட்டின் தடிமனையும் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர் சாதாரண கேஜை மறந்துவிடலாம். இவற்றில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண கேஜ் மூன்றில் உயர்ந்த ஒன்றை மட்டும் பிடித்துக் காட்டும். ஒரு ஏபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையின் அடைப்பு) போயிருந்தாலும் மற்ற முகத்தின் நல்ல எண் அதை மறைத்துவிடும். ரோட்டரி டெஸ்ட்டரில் இரண்டு ரோட்டருக்கும் ஆறு எண் வாங்கி, சுழற்சி வேகத்தை நிமிடத்துக்கு 250 சுற்றுக்குச் சரிசெய்து எழுத வேண்டும். அந்தத் தாள் இல்லாத ரோட்டரியை, இன்ஜினைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்ற கணக்கில்தான் விலை கேட்பார்கள். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் நல்ல யோசனை. ஈயமும் தாமிரமும் ஏறியிருந்தால் பேரிங் தேய்கிறது, சிலிக்கான் ஏறியிருந்தால் ஃபில்டர் தூசியை விடுகிறது, சோடியம் அல்லது பொட்டாசியம் ஏறியிருந்தால் கூலன்ட் உள்ளே வருகிறது. மாற்றி 500 கிலோமீட்டர்கூட ஓடாத ஆயிலை அனுப்பினால் எதுவும் தெரியாது. அப்படி வந்த "சுத்தமான" அறிக்கையைக் காட்டுபவரைப் பார்த்து அனுபவசாலிகள் சிரித்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பலவீனம்

நல்ல வாங்குபவர் உங்கள் மாடலின் நோய்ப் பட்டியலோடுதான் வருவார். அவர் கேட்பதற்கு முன் பதில் தயாராக இருந்தால் பேரம் பாதி முடிந்தது.

ஆர்பி26-ல் கம்பெனி டர்போக்களின் டர்பைன் சக்கரம் பீங்கான் வகை. பூஸ்ட்டைத் தள்ளினால் அது கழன்று போகும், சில சமயம் துகள் இன்ஜினுக்குள்ளும் போகும். டர்போவை மாற்றியிருந்தால் எதற்கு, எப்போது என்று சொல்லுங்கள். மாற்றவில்லையென்றால் எத்தனை பூஸ்ட்டில் ஓட்டினீர்கள் என்று சொல்லுங்கள். ஆரம்பகால ஆர்32 கிராங்க் ஷாஃப்டில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பகுதி குறுகலானது. உயர் ஆர்பிஎம்மில் அங்கே பம்ப் உடைவது தெரிந்த விஷயம். அந்தப் பகுதியை அகலமாக்கும் காலர் போட்டிருந்தால் அந்தப் பில் விலைமதிப்புள்ளது. சில்வியாவின் எஸ்ஆர்20-ல் ஆர்பிஎம் எகிறினால் ராக்கர் ஆர்ம் கழன்று விழும், ஸ்டாப்பர் போட்டிருந்தால் சொல்லுங்கள். முதல் தலைமுறை எஸ்2000-ல் கியரைத் தப்பாகக் கீழே இறக்கி இன்ஜினை வரம்பு மீறிச் சுழற்றியிருந்தால் வால்வு ஸ்பிரிங் ரிட்டெய்னரில் விரிசல் விழும். கவரைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். சுபாருவின் இஜே டர்போ இன்ஜினில் பிஸ்டன் ரிங்லேண்ட் (ரிங்குகளுக்கு இடைப்பட்ட பகுதி) உடைவதும் ஆயில் பிக்கப் குழாய் விரிசல் விடுவதும் எல்லாரும் அறிந்தவை. எவோ எக்ஸில் பின்பக்கம் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இருக்கும் ஏஒய்சி (பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் அமைப்பு) பம்ப் துருவேறிச் செத்துப்போகும். எஃப்டி எனும் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-ல் சூட்டில் வெந்து கெட்டியாகும் வேக்கம் குழாய்கள் ஏராளம். ஒன்று வெடித்தாலும் 4,500 ஆர்பிஎம் பக்கம் இரண்டாவது டர்போ சேர வேண்டிய இடத்தில் வண்டி தடுமாறும். சிலிக்கான் குழாய் மாற்றியிருந்தால் அது பெரிய பிளஸ்.

டைமிங் பெல்ட்: ஆர்பி26, 2ஜேஇசட் (சுப்ரா), 4ஜி63 (எவோ எக்ஸுக்கு முந்தைய எவோக்கள்), இஜே இவற்றில் பெல்ட்; எஸ்ஆர்20-லும் எஸ்2000-லும் செயின். ஜப்பான் கணக்கில் பெல்ட்டுக்கு 1,00,000 கிலோமீட்டர் என்றாலும், ஓடாமலே நின்ற வண்டியிலும் ரப்பருக்கு வயசாகும். 4ஜி63-ல் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். பெல்ட் நெருங்கிவிட்டது என்றால் டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு மாற்றிவிட்டே விற்பது நல்லது என்பது என் கணிப்பு. "நெருங்கிவிட்டது" என்ற ஒரு சொல்லுக்கு வாங்குபவர் கழிக்கும் தொகை அந்த வேலையின் செலவைவிட எப்போதும் பெரியது. பெயின்ட் விஷயத்தில் நேர் எதிர். விற்பதற்காக அடித்த புது பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற சந்தேகம்தான் மிஞ்சும். சின்னக் கல் தெறிப்புகளை அப்படியே விடுங்கள்.

குறை மாதிரி கேட்கும், ஆனால் குறை இல்லை

ரெட்டைத் தட்டு கிளட்ச் போட்ட வண்டியில் பெடலை மிதித்தால் கடகடவென்று சத்தம் வரும். தட்டுகள் தளர்ந்து ஆடும் சத்தம் அது. தெரியாதவர் ரிலீஸ் பேரிங் போய்விட்டது என்பார். மெக்கானிக்கல் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்) போட்டிருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது பின்பக்கம் டக் டக் என்று தட்டும், உள்பக்க டயர் இழுபடும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் குளிரில் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆடும். டீசல் மாதிரி கேட்கும் அந்தத் தட்டல் சூடேறினால் அடங்கிவிட வேண்டும். டிராக் பிரேக் பேட் குளிரில் கிறீச்சிடும். பாலியூரித்தேன் புஷ் கிரீஸ் வற்றினால் பழைய கட்டில் மாதிரி முனகும்.

இவற்றை வண்டியைப் பார்க்க வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். அதே சமயம், சூடான பிறகும் அடங்காத தட்டலை "ஃபோர்ஜ்டு பிஸ்டன் அப்படித்தான்" என்று சமாளிக்காதீர்கள், அது ராட் பேரிங்காக இருக்கலாம். புகையும் அப்படியே. நீண்ட நேரம் ஐடிலில் நின்று, பிறகு ஆக்சிலேட்டரைத் தட்டும்போது நீலப் புகை வந்தால் வால்வு சீல் அல்லது டர்போவின் ஆயில் திரும்பும் குழாய். பூஸ்ட் ஏறும்போது வந்தால் ரிங் அல்லது டர்போ. இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட். இந்த மூன்றில் எதுவும் "எல்லா டர்போ வண்டியிலும் வரும்" வகை இல்லை.

பவர் கணக்கு

1989-லிருந்து 2004 வரை ஜப்பான் கம்பெனிகள் 280 பிஎஸ் என்ற வரம்புக்கு மேல் எழுதுவதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். ஆகவே "ஸ்டாக்கில் 280" என்ற எண்ணே முழு உண்மை இல்லை. "600 குதிரை" என்று எழுதுகிறீர்கள் என்றால் அது வீலிலா, இன்ஜினிலா, எந்த டைனோவில் (பவர் அளக்கும் இயந்திரம்), என்ன பூஸ்ட்டில், எந்த பெட்ரோலில் என்பதும் கூடவே வர வேண்டும். டைனோஜெட்டில் வந்த எண் மஸ்டாங் டைனோவில் வராது, அங்கே குறைவாகத்தான் காட்டும். வரைபடத்தில் பவர் கோடு மட்டும் இருந்தால் போதாது. ஏர்-ஃபியூயல் விகிதமும் பூஸ்ட்டும் சேர்ந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். பூஸ்ட் உச்சத்தில் கலவை எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல விலை கொடுப்பார்.

விலை

செலவழித்ததைக் கூட்டிப் பார்க்காதீர்கள், வயிறு எரியும். கணக்கு இப்படித்தான் போகும்: அதே வருட, அதே ஓட்டமுள்ள ஸ்டாக் வண்டி உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பதிலிருந்து தொடங்குங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை கணக்கில் வராது. அதனோடு, பெயருள்ள, கழற்றக்கூடிய பாகங்களின் பழைய சாமான் விலையில் ஒரு பங்கைச் சேர்க்கலாம். மாட்டிய கூலி, டியூன் செய்த கூலி எல்லாம் பூஜ்யம். வெட்டியது, வெல்டிங் வைத்தது, வேறு இன்ஜின் மாற்றியது இவற்றுக்கு எதிர்க் கணக்கு. இன்ஜின் மாற்றியிருந்தால் பதிவுச் சான்றில் எண் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். அது இல்லாமல் பெயர் மாற்றமே நின்றுவிடும். கம்பெனி பாகங்களின் பெட்டி முழுதாக இருந்தால் அதைத் தனி வரியாகச் சேருங்கள்.

விளம்பரம்

நீளமாக இருக்கலாம், ஆனால் வளவளவென்று இருக்கக் கூடாது. மாதிரிக்கு ஒன்று:

"நிசான் சில்வியா எஸ்15 ஸ்பெக்-ஆர், 2000. 6 கியர் மேனுவல். ஓடோமீட்டர் 1,12,400, கம்பெனி மீட்டர்தான். டர்போ, இன்ஜெக்டர், பம்ப், இசியூ மாற்றி டியூன் செய்தது. டைனோ தாள் உண்டு, 1.1 பார் பூஸ்ட், 98 ஆக்டேன். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரும் 5 சதவீதத்துக்குள், தாள் உண்டு. 1.5-வே எல்எஸ்டி, குளிரில் தட்டும். ரெட்டைத் தட்டு கிளட்ச், பெடல் மிதித்தால் சத்தம் வரும். இடது பின் ஃபெண்டர் பட்டி வைத்து பெயின்ட் அடித்தது. டிரைவர் பக்கம் ஜாக்கி வைக்கும் விளிம்பு மடங்கியிருக்கிறது. ஏசி குளிர்ச்சி குறைவு. கம்பெனி டர்போ, இசியூ, எக்ஸாஸ்ட், வீல் கூடவே வரும்."

மூன்று குறையை முதலிலேயே படித்தவர் மீதியை நம்புவார். ஏசி குளிர்ச்சி குறைவு என்று எழுதியவர் கம்ப்ரஷனில் பொய் சொல்ல மாட்டார் என்று அவர் மனம் கணக்குப் போடும்.

படங்கள் மேகம் மூடிய நேரத்திலோ அதிகாலையிலோ எடுங்கள், வெயிலில் பளிச்சென்று அடித்தால் பேனல் அலை தெரியாது. சேசிஸ் ரெயில், ஜாக்கி இடங்கள், ஸ்ட்ரட் டவர், டிக்கியின் அடித்தளம் கட்டாயம். ஆர்34-ல் முன்பக்க ஸ்ட்ரட் டவர் துருவை எல்லாரும் தேடுவார்கள். பெயின்ட் கேஜில் கம்பெனி பெயின்ட் பொதுவாக 100-லிருந்து 150 மைக்ரான் பக்கம் நிற்கும், பட்டி வைத்த இடத்தில் பல நூறுக்கு எகிறும். ஆர்32 ஜிடி-ஆரின் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம், இரும்பை மட்டும் அளக்கும் கேஜ் அங்கே ஒன்றும் காட்டாது. வாங்குபவர் பயப்படுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். டயரின் நான்கு இலக்கத் தேதியையும் படமெடுங்கள்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். ஜிடி-ஆர், எவோ, எஸ்டிஐ போன்ற நான்கு சக்கர இழுவை வண்டிகளில் நான்கு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னே புதுசு, பின்னே மொட்டை என்றால் சென்டர் டிஃபரென்ஷியலும் டிரான்ஸ்ஃபரும் அடி வாங்கியிருக்கும் என்று புரிந்துகொள்வார்கள். இன்ஜின் பகுதியை பிரஷர் தண்ணீரில் அடிக்காதீர்கள். பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கி மிஸ்ஃபயர் வந்தால் அன்றைக்குப் பார்க்க வந்த ஆள் போனவர்தான். நம்பர் பிளேட்டை மறையுங்கள், படத்தில் பதிந்திருக்கும் இடத் தகவலை நீக்குங்கள். இந்த வகை வண்டிகளைத் திருடுபவர்களும் அதே விளம்பரங்களைத்தான் படிக்கிறார்கள்.

பார்க்க வரும் நாள்

வண்டியைச் சூடாக்கி வைக்காதீர்கள். வந்தவர் பேச்சுக்கு முன்னால் பானெட்டில் கை வைப்பார். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் பிரச்னையை மறைக்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிடுவார். பானெட்டைத் திறந்து, ஆயில் ஸ்டிக்கை அவரையே எடுக்கச் சொல்லி, அவர் கண் முன்னே முதல் ஸ்டார்ட் போடுங்கள்.

முதலில் நீங்கள் ஓட்டுங்கள். ஆயில் 80 டிகிரிக்கு வரும்வரை பூஸ்ட் கூடாது, அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் கியர்பாக்ஸையும் சஸ்பென்ஷனையும் பற்றிப் பேச நேரம். பிறகு அவர் கையில் கொடுக்கும் முன் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படமெடுத்து, இன்சூரன்ஸ் அவருக்கும் செல்லுமா, செய்த மாற்றங்கள் அதில் பதிவாகியிருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். அவர் தப்பான கியரில் போட்டு இன்ஜினை உடைத்தால் யார் பொறுப்பு என்பது ஒரு தாளில் இரண்டு வரியாக இருந்தால் போதும். அதில் கையெழுத்திட மறுப்பவரைப் பக்கத்து சீட்டில் மட்டும் உட்கார வையுங்கள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வண்டியை விட்டு இறங்காதீர்கள். முடிந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். வெளி மெக்கானிக்கை வைத்துப் பார்க்கிறேன் என்றால் சந்தோஷமாகச் சம்மதியுங்கள், செலவு அவருடையது, வண்டியோடு நீங்களும் போங்கள்.

பணம் உங்கள் கணக்கில் நின்ற பிறகுதான் சாவி. மொபைலில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். வங்கி திறந்திருக்கும் நாளில், முடிந்தால் வங்கியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். விற்பனைத் தாளில் தேதியோடு மணியும் ஓடோமீட்டரும் மாற்றங்களின் பட்டியலும், "இருக்கிற நிலையில்" என்ற சொல்லும் வேண்டும். பெயர் மாற்றம் பதிவான பிறகு இன்சூரன்ஸை நிறுத்துங்கள், முன்னால் வேண்டாம்.

ஒப்படைக்கும்போது இசியூவின் கடவுச்சொல், டியூன் ஃபைல், லேப்டாப் கேபிள் மூன்றும் போக வேண்டும். டியூனர் ஃபைலைப் பூட்டி வைத்திருந்தால் அவரிடம் முன்பே பேசிவிடுங்கள். திறக்க முடியாத இசியூ அடுத்தவருக்கு வெறும் பெட்டி. காப் ஆக்சஸ்போர்ட் மாதிரி ஒரே வண்டியோடு பிணைந்துகொள்ளும், டியூன் ஏற்றும் கருவியைத் தனியே விற்பதாக இருந்தால், முதலில் அதை இந்த வண்டியிலிருந்து விடுவித்து ஸ்டாக் மேப்பை ஏற்ற வேண்டும். வண்டி போன பிறகு நினைவு வந்தால் இரண்டு பேருக்கும் தலைவலி. என்ன ஆயில், என்ன டிஃபரென்ஷியல் ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பூஸ்ட் கன்ட்ரோலரைக் குறைந்த அளவில் வைத்துவிட்டு, அதை அவரிடம் காட்டிச் சொல்லுங்கள். முதல் நாள் உற்சாகத்தில் போகும் இன்ஜின்கள் நிறைய. கடைசியாக, வீல் லாக் நட்டின் சாவி. அது பெரும்பாலும் உங்கள் டூல் பெட்டியிலேயே தங்கிவிடும். அவருக்கு அது நினைவு வருவது பஞ்சரான இரவில்தான்.